தூர் துறையில் கிடைத்த கிருமி

தூர் மலையின் பெயரைக் கேளாத முஸ்லிம் இல்லம் இல்லை. திருமறையின் அத்தியாயம் ஒன்றே அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றோடு பிணைந்த அம்மலையைக் கொண்ட சினாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், சூயஸ் வளைகுடாவை நோக்கியவாறு, அத்தூர் என்றொரு சிறிய துறைமுகமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், ஹஜ்ஜை முடித்துக்கொண்டு எகிப்து, துருக்கி, மக்ரிபு முதலிய வடபுலங்களுக்குக் கப்பலேறிய ஹாஜிகள் இத்துறையில் இறக்கப்பட்டனர். அவர்தம் துணிமணிகள் நீராவியில் அவிக்கப்பட்டன. கம்பி வேலிகளுக்குள் நாட்கணக்கில் தங்கியிருந்து, நோயில்லை என்று மருத்துவர் கூறிய பின்னரே அவர்கள் ஊர் செல்ல முடிந்தது.

1905ஆம் ஆண்டில் அங்கே பணியாற்றிய கோட்ஷ்லிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இறந்துபோன ஹாஜிகள் சிலரின் குடலிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். பார்வைக்கு அது காலராக் கிருமியே. ஆனால் அந்த ஹாஜிகள் காலராவால் இறந்தவர்கள் அல்லர். அவர்களிடம் அந்நோயின் அறிகுறியே காணப்படவில்லை. கிடைத்த இடத்தின் பெயர் கிருமிக்கு வைக்கப்பட்டது. மருத்துவ நூல்களில் ‘எல் டோர்’ என்று நாம் படிப்பது அத்தூரைத்தான். 1961இல் தொடங்கி இன்றுவரை ஓயாத ஏழாவது காலராப் பெரும்பரவலுக்குக் காரணம் இந்த எல் டோர் வகையே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஹாஜிகளின் உடலில் கண்டெடுக்கப்பட்டு, ஹாஜிகளை நிறுத்தி வைத்த துறையின் பெயரைப் பெற்ற கிருமியே பின்னாளில் உலகை வாட்டியது என்றால், ஹஜ்ஜுப் பயணமே காலராவின் தாய்வீடு என்று ஐரோப்பிய ஏடுகள் பல்லாண்டுக் காலம் எழுதி வந்தது மெய்தானா? நூறாண்டுகளாக இதற்கு விடை ஊகமாகவே இருந்தது. அண்மைக் காலத்தில்தான், கிருமியின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கும் சான்றைப் படிக்கும் வகை மனிதனுக்கு வாய்த்திருக்கிறது. அச்சான்று கூறுவது யாது என்பதையே நாம் இங்கே ஆராயப் புகுகிறோம்.

முதலில் குற்றச்சாட்டின் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். அதில் உண்மையும் கலந்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

நம் பெரியோர் ‘கக்கல் கழிச்சல்’ என்றும் ‘வாந்திபேதி’ என்றும் அழைத்த இந்நோய் வங்காளத்தின் ஆற்றுக் கழிமுகங்களில் நெடுங்காலமாக இருந்து வந்ததே. 1817இல் ஜெஸ்ஸூர் வட்டாரத்தில் கிளம்பிய நோய் முன்போல் அடங்கிவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளோடு அது நடந்தது. வணிகக் கப்பல்களோடு மிதந்தது. 1821இல் மஸ்கத்தை அடைந்தது. 1831இல் மக்காவில் ஹாஜிகளிடையே தோன்றியது. அதன்பின் அந்நூற்றாண்டு முழுவதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹஜ்ஜுக் காலம் துக்க காலமாயிற்று.

அவற்றுள் பெருங்கேடு விளைத்தது 1865ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1281இன் ஹஜ். கூடியிருந்த ஏறத்தாழ 90,000 பேரில் 15,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டது. எஞ்சியோர் நீராவிக் கப்பல்களில் சூயஸ் வந்தனர். அங்கிருந்து புகைவண்டியில் அலெக்சாந்திரியா சென்றனர். சில வாரங்களில் நோய் மார்சேலிலும் கான்ஸ்டான்டிநோபிளிலும் தலைகாட்டியது. பாய்மரத்தின் வேகத்தில் நகர்ந்த நோய் நீராவியின் வேகத்தில் நகரத் தொடங்கிய காலம் அது. ஐரோப்பா நடுங்கியது. 1866இல் கான்ஸ்டான்டிநோபிளிலேயே பல நாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. நோயின் பிறப்பிடம் கங்கைக் கழிமுகம், அதைச் சுமப்பவர் மனிதர், அவருள்ளும் ஹாஜிகள் முதன்மையானவர் என்ற கருத்து அம்மாநாட்டோடு உறுதிப்பட்டது.

இதில் ஓர் ஓரவஞ்சனை இருந்தது என்பதை நாம் சொல்லாமல் விட முடியாது. 1854இல் கிரைமியப் போருக்குச் சென்ற பிரெஞ்சுப் படைகளே தம் நாட்டிலிருந்து வார்ணாவுக்குக் காலராவைக் கொண்டு சென்றன. அதற்காகப் படையெடுப்பையே நோயின் தாய்வீடு என்று எவரும் எழுதவில்லை. 1867இல் ஹரித்வாரத்துக் கும்பமேளாவில் கூடிய ஏழை யாத்திரிகர்களோ ஹாஜிகளைப் போலவே பழி சுமந்தனர். மறுபுறம், இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு கப்பல் வணிகம் தடைபடுவதை விரும்பவில்லை. அதன் சுகாதார ஆணையரான கன்னிங்ஹாம் போன்றோர், காலரா மனிதர் வழியே பரவுவதே இல்லை என்று பல்லாண்டு வாதித்தனர். ஒரு சாரார் யாத்திரிகர் மீது பழி போட்டனர். மறு சாரார் காற்றின் மீது போட்டனர். இரு சாராரும் குடிநீரைப் போதிய அளவு நோக்கவில்லை. லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், ஒரு தெருக்குழாயின் நீரே நோயைத் தந்தது என்று 1854லேயே காட்டியிருந்தும் இந்நிலை.

நம் நாட்டு ஹாஜிகளுக்குரிய தடைக்களம் அத்தூர் அன்று. செங்கடலின் தென்வாயில், ஏமன் கரைக்கு அருகேயுள்ள கமரான் தீவு. 1882இல் உதுமானிய அரசு அங்கே தனித்தங்கல் நிலையத்தைத் திறந்தது. பம்பாயில் கப்பலேறிய இந்திய ஹாஜிகளும் ஜாவாவிலிருந்து வந்தோரும் ஜித்தாவைக் காணுமுன் இத்தீவின் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. அதற்குக் கட்டணமும் அவர்களே செலுத்தினர்.

இக்காலத்து நிகழ்ச்சிகளில் நம் உள்ளத்தை உலுக்குவது டாக்டர் அப்துர் ரஸ்ஸாக்கின் முடிவு. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இம்முஸ்லிம் மருத்துவர் 1878 முதல் ஜித்தாவில் இருந்து, நம் ஹாஜிகளின் நலம் பேணினார். 1882இல் ஆங்கிலத் துணைத் தூதராகவும் ஆனார். ஹஜ்ஜின் சுகாதார நிலை குறித்து அரசுக்கு அறிக்கைகள் எழுதி வந்தார். 1895 மே 30ஆம் நாள், ஹஜ்ஜுக்கு இன்னும் சில நாள்களே இருந்த மாலைப்பொழுதில், ஐரோப்பியத் தூதர்களோடு ஜித்தா மதிலுக்கு வெளியே உலவச் சென்றார். பதவிகள் சிலர் அவர்கள்மேல் சுட்டனர். மற்றவர்கள் காயத்தோடு தப்பினர். அப்துர் ரஸ்ஸாக் அங்கேயே உயிர் நீத்தார். நோய்த்தடுப்பு என்ற பெயரில் நடந்த கெடுபிடிகளின் மீதும், துணி அவிக்கும் எந்திரங்களின் மீதும் அப்பகுதி மக்கள் கொண்டிருந்த சினமே காரணம் என்று கூறப்பட்டது. அவ்வாண்டு மக்காவில் அவ்வெந்திரங்களும் உடைக்கப்பட்டன. நோய் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகாத இடத்தில் சினம் எவர்மேலும் பாயும். ஹாஜிகளுக்காக உழைத்தவர் மீதே அது பாய்ந்தது.

சரி, நோய் எங்கிருந்து வந்தது என்பதைக் கிருமியிடமே கேட்பது எவ்வாறு?

இக்கிருமியைக் கண்டவர்கள் முன்னரே உண்டு. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துப் பசீனி 1854இல் அதை நுண்ணோக்கியில் கண்டார். உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. ராபர்ட் காக் 1883இல் அலெக்சாந்திரியாவிலும் பின்னர் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, காற்புள்ளி போல் வளைந்த அக்கிருமியே காலராவுக்குக் காரணம் என்று நிலைநாட்டினார். ஆனால் வளைந்த ஒரு கிருமிக்கும் வளைந்த மற்றொரு கிருமிக்கும் உறவு என்ன, எது எதன் வழித்தோன்றல் என்பதை நுண்ணோக்கி சொல்லாது. அதைச் சொல்வது மரபணு.

இதை விளக்க நம் இல்லங்களிலேயே ஓர் உவமை இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் அரபுத்தமிழ்க் கையெழுத்துக் கிதாபுகளைக் காணலாம். ஒரு மூலத்தைப் பார்த்து ஒருவர் நகலெடுப்பார். அந்நகலைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். முதலாமவர் ஓரிடத்தில் ஒரு புள்ளியைத் தவறவிட்டால் ‘தே’ என்ற எழுத்து ‘நூன்’ ஆகிவிடக்கூடும். அவரது நகலைப் பார்த்து எழுதிய அனைவரிடமும் அப்பிழை தொடரும்; வேறு நகலைப் பார்த்து எழுதியவரிடம் அது இராது. மூலம் மறைந்துபோன பின்பும், எஞ்சிய பிரதிகளின் பிழைகளை ஒப்பிட்டு, எது எதிலிருந்து வந்தது என்று கிளை கிளையாக வரைந்துவிடலாம். நபிமொழித் தொகுப்பாளர்களான முஹத்திஸுகள் அறிவிப்பாளர் வரிசையாகிய சனதை நுணுகி ஆராய்ந்து, எந்தச் சொல் எவர் வழியே நுழைந்தது என்று கண்டறிந்ததை அறிந்த சமுதாயத்துக்கு இம்முறை புதிதன்று. புனிதமான ஒன்றைக் கிருமியோடு ஒப்பிடுவதாக எவரும் கருத வேண்டாம். ஒப்புமை முறையில்தான்.

காலராக் கிருமியின் ‘கிதாபு’ ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துக்கள் கொண்டது. இரண்டு பாகங்களாக அமைந்தது. எழுத்து வகையோ நான்கே நான்கு. கிருமி இரண்டாகப் பிளக்கும்போதெல்லாம் இக்கிதாபு முழுவதும் நகலாகிறது. வியப்பான துல்லியத்தோடு நகலானாலும் எப்போதாவது ஓர் எழுத்து மாறும். பெரும்பரவலுக்குக் காரணமான கிளையில் இவ்வாறு நிலைத்துவிடும் மாற்றம் ஆண்டுக்கு மூன்று எழுத்து அளவே. இவ்வேகம் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால், இரு கிருமிகளுக்கிடையே எத்தனை எழுத்து வேறுபாடு என்று எண்ணினால், அவ்விரண்டும் எத்தனை ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதையிடமிருந்து பிரிந்தன என்பதையும் கணிக்கலாம். பிழையே நாள்காட்டியாகிவிடுகிறது. 1975இல் வங்கதேசத்தில் எடுக்கப்பட்ட ஓர் எல் டோர் கிருமியின் எழுத்துக்கள் முழுவதும் 2000ஆம் ஆண்டில் வெளியாயின. அதன்பின் பிற பிரதிகளை ஒப்பிடுவது எளிதாயிற்று.

எழுத்துப் பிழை மட்டுமன்று. இக்கிருமி வேறு கிதாபுகளின் ஏடுகளையும் தன்னுள் செருகிக்கொள்ளும். காலராவில் உடலின் நீரையெல்லாம் வெளியேற்றுவது கிருமி சுரக்கும் ஒரு நஞ்சு. இவ்வுண்மையை 1959இல் முயலின் குடலைக்கொண்டு மெய்ப்பித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. மிக எளிய ஆய்வுக்கூடத்தில் அவர் செய்த இப்பணிக்கு உரிய பெருமை அவர் வாழ்நாளில் கிட்டவில்லை என்பது நம் நாட்டு அறிவியல் வரலாற்றின் ஒரு கறை. அந்த நஞ்சுக்குரிய மரபணு கிருமியின் சொந்தச் சரக்கே அன்று, கிருமியைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து செருகிய ஏடு என்று 1996இல் வால்டரும் மெக்கலனோஸும் அமெரிக்காவில் கண்டறிந்தனர். அந்த ஏடு இல்லாத காலராக் கிருமி நீரில் வாழும் சாதாரண உயிரி. ஏடு செருகப்பட்டால் கொலைகாரன்.

இப்போது அத்தூர் ஹாஜிகளிடம் திரும்பி வருவோம். அவர்கள் குடலில் கிருமி இருந்தும் நோய் இல்லாமற்போனது எப்படி என்ற பழைய புதிர் இங்கேதான் அவிழ்கிறது.

2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குழு, 1930 முதல் 1964 வரை சேகரித்து வைக்கப்பட்டிருந்த எல் டோர் கிருமிகளின் எழுத்துக்கள் அனைத்தையும் ஒப்பிட்டு அவற்றின் வம்சாவளியை வெளியிட்டது. எல் டோர் கிளை மத்தியக் கிழக்கில் முதன்முதல் காணப்பட்டது 1897இல். அப்போது அது நோய் விளைக்காத ஒன்று. அது அங்கு வந்து நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை; ஆசியாவில் காலராவின் பழைய தாயகத்திலிருந்தே வந்திருக்கலாம் என்று அவ்வாய்வாளர் கருதினர். அதன் ஒரு கிளை இந்தோனேசியாவின் மக்காசார் நகரத்தை அடைந்தது. அங்கேதான், நஞ்சைத் தரும் வைரஸ் ஏடும் வேறு இரு பெரிய செருகல்களும் அதில் 1954க்குள் சேர்ந்தன. அதன்பின் வெறும் 12 எழுத்து மாற்றங்கள். 1961இல் அது உலகைச் சுற்றப் புறப்பட்டுவிட்டது.

மக்காசாரைச் சூழ்ந்த சுலாவெசித் தீவில் 1937லேயே எல் டோர் வகையால் மனிதர் இறந்ததை டச்சு மருத்துவர்கள் பதிவு செய்திருந்தனர். ஆயினும் இதைக் ‘காலரா’ என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றது 1962இல்தான். பெயரில் அடங்காத நோயால் செத்தவர்கள் கணக்கிலும் அடங்கவில்லை.

ஆக, அத்தூரில் இறந்த ஹாஜிகள் சுமந்திருந்தது அக்காலத்தில் எவரையும் கொல்லாத கிருமி. அது கொலைத் தொழிலைக் கற்றது பல்லாண்டுகளுக்குப் பின், ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள ஒரு துறைமுகத்தில். ஏழாவது பெரும்பரவல் ஹஜ்ஜில் பிறந்தது என்று கூற மரபணுவில் இடமில்லை. நூறாண்டாக ஒரு பெயரின் நிழலில் நின்ற பழி இவ்வளவில் நீங்குகிறது.

ஆனால் வழக்கில் நம் பக்கமாகத் தீர்ப்பெழுதிக் கொள்ள மரபணு வரவில்லை என்பதையும் நாம் உணர வேண்டும். மத்தியக் கிழக்கிலிருந்து மக்காசாருக்கு ஒரு கிளை சென்றது என்கிறது வம்சாவளி. மக்காசார் மக்களோ பெரும்பாலும் முஸ்லிம்கள். ஹஜ்ஜுக்குக் கப்பலேறிச் சென்று வந்தவர்கள். நோயற்ற அக்கிருமி ஒரு ஹாஜியின் வயிற்றில் பயணம் செய்திருக்கலாம். ஒரு மாலுமியின் வயிற்றிலும் செய்திருக்கலாம். மரபணு உறவைச் சொல்லும். கப்பலின் பெயரைச் சொல்லாது. மேலும், 1865இன் துயரம் பழைய வகைக் காலராவின் காலத்தது. அக்காலக் கிருமியின் எழுத்துக்களும் ஒரிடத்தில் கிடைத்திருக்கின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில், 1849இல் காலராவால் இறந்த ஒருவரின் குடற்பகுதி குப்பியில் காக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து 2014இல் எழுத்துக்களை மீட்டபோது, அது எல் டோர் அன்று, பழைய வகையே என்பது உறுதியாயிற்று. அந்தப் பழைய வகையை ஹாஜிகள் மக்காவிலிருந்து சூயசுக்குச் சுமந்து சென்றது உண்மையே. அதை மறுப்பது இறந்துபோன அந்த 15,000 பேருக்கும் நாம் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களுக்குத் தேவைப்பட்டது வசையன்று, நல்ல தண்ணீர்.

தண்ணீர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கலீபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் மக்காவுக்கு வெட்டுவித்த கால்வாய் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஹாஜிகளின் தாகம் தீர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பழுதுற்றுக் கிடந்தபோது, அதைச் செப்பனிட இந்திய முஸ்லிம்களும் பொருள் வழங்கினர். கமரானில் கட்டணம் செலுத்திக் காத்துக் கிடந்ததைவிட இக்கொடை நோய்த்தடுப்புக்கு உதவியிருக்கும் என்பது எம் கருத்து.

மக்காசாரிலிருந்து கிளம்பிய கிருமி 1964இல் இந்தியாவையும், 1970இல் மேற்கு ஆப்பிரிக்காவையும், 1991இல் தென்னமெரிக்காவின் பெருவையும் அடைந்தது. ஒரு முறை சென்று ஆங்காங்கே தங்கி வாழ்ந்ததா, மீண்டும் மீண்டும் புதிதாகச் சென்றதா? பல நாடுகளில் எடுத்த 154 கிருமிகளை ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு விடை தந்தது. வங்காள விரிகுடாக் கரையிலிருந்து மூன்று அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து கண்டங்களைத் தாண்டியிருக்கின்றன. இரண்டாம் அலையின் கிருமிகள், பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலைத் தரும் மற்றொரு செருகலை 1978க்கும் 1984க்கும் இடையே பெற்றிருந்தன.

அவ்விரிகுடாவின் கரையில் இருப்பவர்கள் நாம். 1992 அக்டோபரில் சென்னையில் தோன்றிய காலரா மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. நோயோ சந்தேகமில்லாத காலரா. ஆனால் காலராக் கிருமியை அடையாளம் காணப் பயன்படும் ஊனீர்ச் சோதனைக்கு அது வசப்படவில்லை. முன்னர் காலரா கண்டு எதிர்ப்பாற்றல் பெற்றிருக்க வேண்டிய பெரியவர்களையும் அது வீழ்த்தியது. சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. முற்றிலும் புதிய கிருமி என்றே முதலில் அஞ்சினர். எழுத்துக்களைப் படித்தபோது, அது பழைய எல் டோரேதான். தன் மேலுறையை ஆக்கும் மரபணுக்களை மட்டும் வேறொரு கிருமியிடம் பெற்று மாற்றிக்கொண்டது என்று தெரிந்தது. அட்டையை மாற்றிய அதே கிதாபு. நம் உடலின் காவலோ அட்டையைப் பார்த்தே ஆளை அறிவது, ஆதலால் ஏமாந்தது. எட்டாவது பெரும்பரவல் தொடங்கிவிட்டது என்று எண்ணினோரும் உண்டு. நல்வாய்ப்பாக அவ்வகை ஆசியாவைத் தாண்டிப் பெருகாமல் தேய்ந்தது.

வதந்திக்கும் சான்றுக்கும் உள்ள தொலைவை இக்காலத்தில் நமக்குக் காட்டிய நாடு ஹைத்தி. 2010 ஜனவரியில் அத்தீவு நாட்டை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அவ்வாண்டு அக்டோபரில், நூறாண்டாகக் காலரா பதிவாகாத அம்மண்ணில் அந்நோய் வெடித்தது. ஐ.நா. அமைதிப்படையில் நேபாளத்திலிருந்து வந்த வீரர்களின் முகாமை மக்கள் சுட்டிக்காட்டினர். முகாமின் கழிவு ஓடையில் கலந்து ஆர்ட்டிபோனைட் ஆற்றை அடைந்தது என்றனர். பெரிய இடத்தில் இருந்தோர் அதை ஏற்கவில்லை. கடல்நீரின் வெப்பத்தால் உள்ளூரிலேயே கிருமி பெருகியிருக்கலாம் என்று வாதித்தோரும் இருந்தனர். பழிபோட ஆள் தேடிய கும்பல்களோ, சூனியத்தால் காலராவை ஏவினார்கள் என்று கூறி உள்ளூர் மதக்குருக்கள் நாற்பது பேருக்கு மேல் அடித்துக் கொன்றன. ஜித்தாவின் மதிலோரம் நடந்தது இங்கே வேறு உருவில் நடந்தது.

பிரெஞ்சு மருத்துவர் ரெனோ பியாரூ களத்தில் இறங்கி, நோயின் முதல் இல்லங்கள் முகாமின் ஓடைக்கரையிலேயே இருந்ததைக் காட்டினார். 2011இல் நேபாளக் கிருமிகள் 24இன் எழுத்துக்களையும் ஹைத்திக் கிருமிகளின் எழுத்துக்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, 40 லட்சம் எழுத்துக்களில் ஒன்று அல்லது இரண்டு எழுத்தே வேறுபட்டவையும் அவற்றுள் இருந்தன. அப்பால் மறுப்பதற்கு இடமில்லை. 8 லட்சம் பேருக்கு மேல் நோயுற்று, ஏறத்தாழ 10,000 பேர் இறந்த பின், 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கீ மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். நேபாள வீரர்களிடமும் நோயின் வெளியடையாளம் பதிவாகவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்; அத்தூர் ஹாஜிகளைப் போல அவர்களும் அறியாமலே சுமந்தவர்கள். கழிவுநீரை ஓடையில் விட்ட முகாம் நிர்வாகத்தின் பொறுப்பு வேறு, அவ்வீரர்களின் நிலை வேறு. மரபணுச் சான்று இவ்விரண்டையும் குழப்ப இடந்தரவில்லை.

இறுதியாக, கமரான் தீவு சேர்ந்துள்ள ஏமன் நாடு. உள்நாட்டுப் போரில் நீர்நிலையங்களும் மருத்துவமனைகளும் சிதைந்து கிடந்த அந்நாட்டில் 2016இன் பிற்பகுதியில் காலரா தோன்றியது. 2017 முடிவதற்குள் ஐயத்துக்குரிய நோயாளிகள் பத்து லட்சத்தைத் தாண்டினர்; 2,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அண்மைக் காலத்தில் மத்தியக் கிழக்கின் பிற நாடுகளில் கண்ட காலராவே இங்கும் பரவியது என்று எண்ணத் தோன்றும். ஏமனிலும், சவூதி எல்லையில் ஏமனியர் தங்கியிருந்த அகதி நிலையத்திலும் எடுத்த கிருமிகளை, பல நாடுகளின் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிருமிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஏமன் கிருமி அந்த மத்தியக் கிழக்குக் கிளையைச் சேர்ந்ததன்று. தெற்காசியாவில் தோன்றி, 2013, 2014 ஆண்டுகளில் கிழக்காப்பிரிக்காவில் பரவி, அங்கிருந்து ஏமனுக்குள் வந்த புதிய கிளை என்பது தெரிந்தது. இரு பருவத்து நோயும் ஒரே வரவின் விளைவே என்பதும் தெளிவாயிற்று.

அந்நோய் உச்சத்தில் இருந்த 2017ஆம் ஆண்டில், ஏமனின் எல்லைக்கு அப்பால் ஹஜ்ஜுக்குக் கூடியோர் 23 லட்சத்துக்கு மேல். அவர்களுள் ஏமனியரும் இருந்தனர்; காலரா வழங்கும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து வந்தோரும் இருந்தனர். மினாவிலும் அரபாத்திலும் அவர்கள் குடித்தது சுத்திகரித்துக் குழாயிலும் புட்டியிலும் வந்த நீர். அவ்வாண்டு ஹாஜிகளிடையே காலராப் பரவல் நிகழவில்லை.